பெற்றோர் கையொப்பம்

நான்காம் வகுப்புச் சுவரில்
நான் ஒட்டிய அட்டை:
பேசாதே. ஓடாதே. நகம் கடிக்காதே.
தினமும் ஒரு பக்கம் வாய்விட்டு வாசி.
வாசித்ததற்குப்
பெற்றோர் கையொப்பம் வாங்கி வா.

கடைசி வரியைச் சிவப்பில் எழுதியிருந்தேன்.
பாம்பன் காற்றுக்கு ஒட்டுநாடா எம்மாத்திரம்.
முதல் வாரமே ஒரு மூலை கழன்று
அட்டை ஒருச்சாய்ந்து தொங்கியது,
சிவப்பு மட்டும் மேலே தெரியும்படி.

பிரிட்டோவின் வாசிப்பு நோட்டில்
திங்கட்கிழமை
ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் கையெழுத்து.
சமயமுத்து என்ற பேரில்
யகரம் ஒரு நங்கூரம் போல இருந்தது.
மறுநாள் கட்டைவிரல் ரேகை.
நீலமில்லை, பழுப்பு.
முகர்ந்து பார்த்தேன்: கணவாய் மை.
அதற்கடுத்த பக்கத்தில்
ஏலக்காரர் ஒருவர் "சரி" என்று எழுதி
அதன் கீழேயே அன்றைய கணக்கையும்
போட்டு வைத்திருந்தார்.
கூட்டிப் பார்த்தேன்.
கணக்கும் சரிதான்.
வியாழனன்று கையெழுத்தே இல்லை.
ராமநாதபுரம் பஸ் டிக்கெட் ஒன்று
சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது.
"கண்டக்டர் மாமா கேட்டாரு டீச்சர்.
பேனா இல்லைன்னாரு."

யாரிடா இவங்கள்லாம்?
உங்கப்பா எங்க, அம்மா எங்க?

"அப்பா தங்குகடலுக்குப் போயிருக்காரு.
அம்மா பாசி எடுக்கப் போகுது.
விடியமுன்ன போயி இருட்டி வந்து
வெரல்ல சுத்துன துணியக் கூட அவுக்காம
படுத்துருது.
எழுப்புனா கண்ணு தொறக்காமயே
ம்ம் வாசிங்குது.
கேக்குதா கேக்கலையான்னு தெரியல.
அதுகிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குறது?
பொய்யாயிருமில்ல?"

வகுப்பு சட்டென்று அமைதியானது.
பேசாதே என்று நான் சொல்லி
ஒருநாளும் வராத அமைதி.

மற்ற நோட்டுகளை
மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வீடு,
இருபத்திரண்டு அம்மா,
ஒரே சாய்வு, ஒரே ஊதா மை,
எல்லாப் பேருக்கும் கீழே
ஒரே மாதிரி இரட்டைக் கோடு.
அத்தனைக்கும் நான் "நன்று" போட்டிருக்கிறேன்.

முகேஸ்வரி எழுந்து நின்றாள்.
வகுப்புத் தலைவி.
பேசுகிறவர்கள் பேரைக் கரும்பலகையில் எழுதுகிறவள்.
கையெழுத்துக்கு ஒரு கடலை மிட்டாய் வீதம்
வாங்கியதாக ஒப்புக்கொண்டாள்.
பைக்குள் மூன்று மிச்சமிருந்தது.
கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

என்ன செய்வது?
பாசி எடுக்கும் அம்மாக்களின் பிள்ளைகள்தான்
பாதி வகுப்பு.
அதைக் கேட்டுக்கொள்ளாமலே
சட்டம் எழுதியவள் நான்,
ராமநாதபுரத்திலிருந்து
எட்டரை மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவள்.
ஸ்டூலில் ஏறி
"பெற்றோர்" என்பதை அடித்துவிட்டு
"கேட்டவர்" என்று எழுதினேன்.
மூலையையும் ஒட்டினேன். நிற்கவில்லை.

முகேஸ்வரி கை தூக்கினாள்.
"அப்ப நானும் போடலாமா டீச்சர்?"
போடலாம். ஆனா கேட்டுட்டுத்தான் போடணும்.
"முழுப் பக்கமுமா?"
முழுப் பக்கமும்.
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:
"இனிமே ரெண்டு மிட்டாய்."

அடுத்த வாரம் கச்சான் காற்று ஓங்கி
யாரும் கடலில் இறங்கவில்லை.
ஐஸ் கம்பெனியும் பூட்டு.
பிரிட்டோவின் நோட்டில்
புதிதாக ஒரு கையெழுத்து,
கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இறங்கி ஏறி:
"பாதி கேட்டேன். ஞானசவுந்தரி."

எந்தப் பாதி என்று
அவனே பாடப்புத்தகத்தில்
பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான்.
நண்டு வளைக்குள் நுழைகிற இடம்.
அதற்கப்புறம் நண்டுக்கு என்ன ஆனதென்று
அந்த அம்மாவுக்குத் தெரியாது.

இன்றைக்கு வீட்டுப்பாடம் எந்தப் பக்கம் என்று
எல்லோரும் கேட்டார்கள்.
அவன் மட்டும் கேட்கவில்லை.