மிச்சக்காசு

ஒட்டுசுட்டான் தாண்ட எருமை ஒண்டு குறுக்க வந்தது.
குணாளன் அண்ணை பிரேக் அடிச்சார்.
கதவுக் கம்பி என்ர பின்மண்டையில பட்டது.
அவ்வளவுதான்.
ரத்தம் இல்லை. எருமைக்கும் ஒண்டுமில்லை.
"உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" எண்டு
முள்ளியவளை மட்டும் கத்திக்கொண்டு வந்தனாம்.
வந்தனாம்.
அந்தத் தூரம் முழுக்க
மற்றாக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வவுனியாவில ஸ்கான் எடுத்தினம். படம் துப்புரவு.
சின்ன அடி எண்டு டொக்டர் எழுதினார்.
தலையிடி வரலாம், வெளிச்சம் குத்தலாம்,
மறதி வரலாம், கோபம் வரலாம்,
மூண்டு மாசத்தில போகலாம்,
போகாமலும்
எண்டு தொடங்கி, அடுத்த துண்டைக் கையில எடுத்தார்.

இப்ப பதினாலு மாசம்.

முந்தி ஒரு கணக்கும் நான் எழுதினதில்லை.
முன்சீட்டில புனிதமலர் ரீச்சர், ஆயிரம் தந்தவ,
மிச்சம் எண்ணூற்றி எழுபது, கரிப்பட்டமுறிப்பில இறக்கம்.
யன்னலோரம் சிவப்புச் சட்டை, ஐநூறு, ஒலுமடு.
அறுபது முகம், அறுபது கணக்கு,
பஸ் குலுங்கினாலும் ஒண்டும் சிந்தாது.

இப்ப ரீச்சர் கையை நீட்டுறா.
கை தெரியுது. வளையல் தெரியுது.
அது ஏன் எனக்கு முன்னால நிக்குதெண்டு தெரியேல்லை.
கரிப்பட்டமுறிப்பு எண்ட சொல்லுக்கு வாய் திறந்தால்
"இறக்கம், இறக்கம்" மட்டும் வருது.
பின்சீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையள்
ஊரின்ர பெயரை எனக்காகக் கத்துதுகள்.

எங்கட பக்கத்தில காயத்துக்கும் தராதரம் இருக்கு.
பக்கத்து வளவு ஜெகதாவின்ர தோளுக்குள்ள
இன்னும் ஒரு துண்டு கிடக்கு.
மழைக்கு முதல்நாள் அது குத்தும்,
அவ காயப்போட்ட நெல்லை அள்ளுவா.
தவக்குமார் ஒற்றைக் காலோட உழவு மெசின் ஓட்டுறான்.
இவைக்கு நடுவில நிண்டு
கம்பி பட்டது, வெயில் குத்துது எண்டு சொல்ல
எனக்கு வாய் வரேல்லை.

வீட்டில வாய் வருது.
வேணுகா கரண்டியைச் சட்டியில தட்டின சத்தத்துக்கு
கோப்பையைச் சுவரில எறிஞ்சன்.
மகளுக்கு நாலு வயசு.
இப்ப கால்நுனியில நடக்கிறாள்.
நாங்கள் சொல்லிக் குடுக்கேல்லை.

மாஞ்சோலை கிளினிக்கில புது டொக்டர் பிள்ளை கேட்டா:
"முந்தி எப்பவாவது தலையில அடிபட்டதோ?"
இல்லை எண்டன்.
வெளியால வந்து சீமெந்து வாங்கில இருக்கத்தான்
பதினொரு வயசு வந்தது.
பங்கர், மேல இருந்து மண்,
மூண்டு நாள் காதுக்குள்ள ஒரே கூவல்,
தம்பி வாயசைக்க நான் சும்மா சிரிச்சது.
அதை ஒருத்தரும் அடியெண்டு எண்ணேல்லை.
அண்டைக்கு எண்ணுறதுக்கு வேற இருந்தது.

திரும்பிப் போய்ச் சொல்லலாமோ எண்டு எழும்பினன்.
எந்தக் கதவால வெளிக்கிட்டனெண்டு தெரியேல்லை.
அதுவும் இதுக்குக் காரணமாயிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

போன கிழமைதான் கவனிச்சன்.
ரீச்சர் நூற்றி முப்பதை எண்ணி
கைக்குள்ள மடிச்சு வச்சிருக்கிறா.
சிவப்புச் சட்டையும் சில்லறையோட.
பஸ் முழுக்க அப்பிடித்தான்.
எப்ப, ஆர் தொடங்கினதெண்டு தெரியாது.
எனக்கு நன்றி வரவேணும். கோபம்தான் வந்தது.
குணாளன் அண்ணை கண்ணாடியில பாத்துவிட்டு
பாட்டைக் குறைச்சார்.

முல்லைத்தீவில ஏறுற மீன்பெட்டிக்காரர் மட்டும் மாறேல்லை.
என்ர மூக்குக்கு இப்ப மீனும் மணக்காது,
ரெஜிபோம் பெட்டியின்ர தண்ணி காலில பட்டாத்தான்
ஆள் ஏறியிட்டாரெண்டு தெரியும்.
பெட்டிக்கு நூறு தரவேணும், தாறதில்லை.
நான் மறந்துபோனன் எண்டு நினைக்கிறார்.

நாற்பத்தொரு தரம். நாலாயிரத்து நூறு.
என்ர தலைக்குள்ள பிசகாமல் நிக்கிற ஒரே கணக்கு.
கேட்டால் தந்துவிடுவார்.
தந்தால் அதுவும் போயிடும்.
கேக்காமல் வச்சிருக்கிறன்.