பதினாலு மாதச் சக்கரம்

வில்பட்டி இறக்கத்தில், பால் வண்டி திரும்பும் வளைவுக்குக் கீழே
எங்கள் சீஸ் கிடங்கு.
உள்ளே எப்போதும் பன்னிரண்டு டிகிரி.
மார்கழியில் வெளியே அதுகூட இருக்காது;
குளிர்காய உள்ளே போகிறவர்கள் நாங்கள்.

இருபத்தாறு வருடம் என் நாக்குக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.
குழலைச் சக்கரத்துக்குள் திருகி இழுத்து
நுனியை மட்டும் கடித்து
மிச்சத்தை அதே ஓட்டையில் செருகி மூடுவேன்.
இது போகலாம். இது கிடக்கட்டும்.
அவ்வளவுதான் வேலை.

போன ஆனியில் எல்லாச் சக்கரமும் ஒரே ருசியாகிவிட்டது.
ஈரச் சுண்ணாம்பு.
செசிலி வைத்த மீன்குழம்பும் அதே சுண்ணாம்பு.
பள்ளத்திலிருந்து மேகம் ஏறி ஜன்னலை மூடும்போது
மூடட்டும் என்றிருந்தது.
குடித்த காலத்தில்கூட இப்படி இல்லை,
அப்போது எதன்மேலாவது கோபமாவது இருந்தது.

வத்தலக்குண்டில் டாக்டர் மெஹருன்னிசா
மூன்று மாத்திரை மாற்றிப் பார்த்துவிட்டு
நான்காவதாகப் பழையது ஒன்றை எழுதினார்.
"இப்ப யாரும் அதிகம் எழுதறதில்ல. மதுரையில சொல்லி வரவழைக்கணும்."
பிறகு சீட்டின் பின்புறம் ஒரு துடைப்பம் வரைந்தார்.

ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் சொல்லி அனுப்பும் சேதியை
கேட்டு முடிந்ததும் கூட்டித் தள்ள
மூளையில் ஒரு நொதி உண்டாம்.
வயதாக ஆக அதில் ஒரு வகை பெருகுமாம்,
வீட்டில் ஆள் குறையக் குறைய
கூட்டுகிறவர்கள் மட்டும் கூடுவதுபோல.
இந்த மாத்திரை அதன் கையைக் கட்டும்.
கட்டினால் அவிழாது. நிறுத்தினாலும்
உடம்பு புதுத் துடைப்பம் செய்ய இரண்டு வாரம்.

தலையாட்டினேன். எனக்குப் பூட்டு பழக்கம்.
ஒன்பது வருடம் முன்னே வேறொரு மாத்திரை
ஈரலில் வேறொரு நொதியைப் பூட்டியது.
உள்ளே போன சாராயம்
காடியாகி முடியாமல் பாதி வழியில் நிற்கும்.
ஒரே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன்.
பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் முகம் தீப்பிடித்து
இதயம் காதுக்குள் ஓட
யாரோ கேரட் மூட்டைமேல் படுக்கவைத்தார்கள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"
கடைசியாகத்தான் கேட்டார்.
சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

அதே துடைப்பம் குடலிலும் கூட்டுகிறதாம்,
பழைய சீஸில், கருவாட்டில்,
நாள்பட்டுப் புளித்த எதிலும் ஊறிக்கிடக்கும் ஒன்றை.
கூட்ட ஆளில்லாவிட்டால் அழுத்தம் ஏறி
மண்டைக்குள் குழாய் வெடிக்கலாம்.
"ஒரு துணுக்குகூடக் கூடாது."
கருவாடு போனால் போகட்டும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

மலையேறும் பஸ்ஸில்
நொதி, நொதித்தல், நொந்துபோதல் என்று
வாய் தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது.
பாலைக் கட்டியாக்குவதும் நொதி,
புதருக்குள் ஊறலைப் பொங்கவைத்ததும் நொதி.
எல்லாம் ஒரே குடும்பம்.
சொத்துத் தகராறு மட்டும் என் உடம்பில்.

ஏழாவது வாரம்.
பதினாலு மாதச் சக்கரம் ஒன்று தீர்ப்புக்கு வந்தது.
சின்னச் சுத்தியலால் தட்டிக் காது வைத்தேன்; உள்ளே பொக்கை இல்லை.
மூக்கை வைத்தேன். மேலே தெரியவில்லை.
சரக்கு ஏற்ற வந்த காசிமாயனைப் பிடித்தேன்.
உசிலம்பட்டிக்காரன், சீஸை சோப்பு என்பவன்.
மென்றான். சுளித்தான்.

"கெட்டுப்போச்சுண்ணே."
"எப்டிக் கெட்டிருக்கு?"
யோசித்தான். இன்னொரு துண்டு கேட்டான்.
"மொதல்ல உப்பு.
அப்புறம் தொழுவத்துல மழை பேஞ்ச வாடை.
அப்புறம் ஒண்ணுமில்ல.
இருங்க, வருது...
பாகு லேசா அடிப்பிடிச்ச மாதிரி."

என் வாயில் எச்சில் ஊறியது.
ஆனிக்குப் பிறகு இப்போதுதான்.
விழுங்கிவிட்டு
சிட்டையில் எழுதினேன்: போகலாம்.
காசிமாயன் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.