எட்டாத ஊர்

சுன்சோன் நகரில் விடியல் ஜெபம், நாலரை மணி.
மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாய்விட்டு.
காதுக்கருவியில் மொழிபெயர்ப்பாளர்
கொஞ்ச நேரம் முயன்றார்,
பிறகு அவரும் அழத் தொடங்கிவிட்டார்.

கூடத்துச் சுவரில் உலக வரைபடம்.
சுவிசேஷம் எட்டாத ஊர்களில்
சிவப்புக் குண்டூசி குத்தச் சொன்னார்கள்.
திபெத், சாகேல், பெயர் தெரியாத தீவுகள்.
நானும் எங்கோ ஒன்று குத்தி
படம் எடுத்துக்கொண்டேன்.

சமையற்கூடத்து போங்-நியோ அம்மாள்
ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார்.
எட்டவில்லை.
நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.
நாங்கள் நின்ற ஊரிலேயே குத்தினார்.

நான்கு நாளில் நான் கற்ற
ஒன்பது கொரியச் சொற்களில் ஒன்றைச் சொன்னார்:
மகன்.
இரண்டு விரல் காட்டினார்,
இரண்டு பஸ் நிறுத்தம்.

சூப் பொங்குகிறதென்று
இறங்கி ஓடினார்.
நாற்காலியை நான் விடவில்லை.