எழுநூற்று நாற்பது அடி

மோட்டாரை மேலே இழுத்து
இம்பெல்லர் மாற்றி
மறுபடி இறக்கியாயிற்று பன்னிரண்டுக்குள்.
இன்று பராமரிப்பு நாள், நாலு மணிக்குத்தான் கரண்ட்.
கயிறும் கப்பியும் வேம்படியில் கிடக்க
"உள்ளெ போயி சித்தெ உக்காருங்க,
டிக்கெட்டெல்லாம் வேண்டாமுங்க" என்றாள்
மியூசியத்துக்குக் காவலிருக்கும் தெய்வாத்தாள்.
இருபத்திரண்டு வருஷமாக இந்த மதிலை ஒட்டித்தான்
வடவள்ளிக்குப் போய்வருகிறேன்.
உள்ளே வந்ததில்லை.

லக்கன் முர்மூ வாசலில் செருப்பைக் கழற்றினான்.
கோயில் இல்லடா என்றேன்.
கழற்றிவிட்டுத்தான் வந்தான்.

இருட்டு. அந்துருண்டை வாசம்.
தூணென்று நான் கைவைத்தது
போன் வெளிச்சத்தில்
யானையின் கால் எலும்பாக இருந்தது.

கடைசி அறையில் கல்லாகிப் போனவை.
அம்மோனைட், அரியலூர், பத்துக் கோடி வருஷம்
என்றது அட்டை.
கடலில் நீந்தியதாம்.
எனக்குத் தெரிந்தது கடலில்லை,
மோனோபிளாக் பம்பின் வால்யூட்.
வாய் அகன்று, உள்ளே போகப்போகச் சிறுத்து,
தன்னையே சுற்றிக்கொண்டு அடங்குகிற அதே வளைவு.
கணபதியில் ஒரு பவுண்டரியில்
மண்ணச்சை உடைத்து, தொட முடியாத சூட்டில்
அடுக்கிவைப்பார்களே, அது.
இதுவும் மண்ணச்சுதான். இதையும் உடைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.
ஆறுவதற்குத்தான் கொஞ்சம் நேரமாகியிருக்கிறது.
விளிம்பில் ஒரு காற்றுக்குழி கண்ணில் பட்டது.
நாங்களாயிருந்தால் ரிஜெக்ட்.

அன்னூரில் ஆயிரத்து இருநூறு,
சூலூரில் தொள்ளாயிரத்து அறுபது,
கிணத்துக்கடவில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்
கற்பூரத்தோடு நிற்க நிற்க ஆயிரத்து நானூறு.
குழியிலிருந்து வந்ததெல்லாம் வெள்ளை மாவு.
ஒரு ஓடு, ஒரு முள், ஒரு இலை வந்ததில்லை.
ஏனென்று கேட்டேன் பின்னாலேயே வந்தவளிடம்.
"பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குச் சொல்றப்பக் கேட்டிருக்கறனுங்க.
நம்ம பாறை ரொம்ப மூத்ததாமா.
ஓடு கட்டத் தெரிஞ்ச உசுரு பொறக்கறக்கு முன்னாலயே
வெந்து முடிஞ்சுருச்சாமா."

அப்படியென்றால் இத்தனை அடியும்
யாருமே குடியேறாத வீட்டின் கதவையா
தட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா."
லக்கன் மூலைப் பெட்டியருகே நின்றிருந்தான்.
கரும்பலகைத் துண்டு போல ஒரு கல்,
அதன் மேல் இலை, நடுநரம்போடு,
நேற்று உதிர்ந்தது மாதிரி.
"இது எங்க ஊரு."
தமிழ் அட்டையை அவனால் படிக்க முடியாது.
நான் படித்தேன்: ஜரியா.
"சைக்கிள்ல மூட்டை வரும்ணா, கரி.
ஒடைச்சா உள்ளெ இலை இருக்கும்.
இலை இருக்கற கல்லு நல்லா எரியாது.
அம்மா திட்டிட்டே வெளியெ வீசும்."
எத்தனை வீசியிருக்கும்?
"ரொம்ப."

இருபத்தைந்து கோடி வருஷம் என்று அடுத்த வரியைச் சொன்னேன்.
"கரோடா?" என்றான்.
கரோட்தான்.
குனிந்து பார்த்ததில் அவன் மூச்சு கண்ணாடியில் படிந்து
இலை காணாமல் போனது.
சட்டை நுனியால் துடைத்தான்.
இருந்தது.
இன்னொரு தரம் ஊதினான், வேண்டுமென்றே.
தெய்வாத்தாள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்கு டியூப்லைட்டுகள் கண் சிமிட்டின.
வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் சின்னதாகிவிட்டன.
ஓடினோம். ஸ்டார்ட்டரைத் தட்டியதும்
குழாய் முதலில் இருமியது,
பிறகு துருநிறம், பிறகு மாவுத் தண்ணீர்,
இரண்டு நிமிஷம் கழித்துக் கண்ணாடி.
லக்கன் முகம் கழுவினான், ஒரு வாய் குடித்தான்,
உப்பு என்றான்.

"எத்தனை அடியில நிக்குதுங்க மோட்டாரு?"
பில்லுக்காகக் கேட்டாள்.
எழுநூற்று நாற்பது என்று எழுதிவிட்டேன்.
அடி என்று எழுதப்போகையில்
பேனா கொஞ்சம் நின்றது.
அதற்குள் லக்கன்
வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தான்.