நூறு லாரி

இந்த நாட்டில் பணத்தின் பெயர் லாரி.
‘நாற்பது லாரி கொடுத்து ஒரு வேனில் ஏறப்போகிறேன்’ என்று
தங்கைக்கு எழுதினேன்.
விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினாள்.
அதற்கும் ரோமிங் பிடிப்பார்களோ என்று
ஒரு கணம் யோசித்தேன்.

பத்து நாளில் இப்படி ஆகிவிட்டேன்.
இடது காலுறையில் இரண்டு நூறு டாலர்,
பல்துலக்கி உறைக்குள் இரண்டாவது கார்டு,
முதல் கார்டு சட்டைக்குள், தோலோடு.
குதைசியில் மழை பிடித்துக்கொண்டபோது
தலையை விட்டுவிட்டு
அதைத்தான் முதலில் துடைத்தேன்.

விடிகாலை, ஸுக்தீதி ரயிலடி.
என் மொழி தெரியாத, ஆனால்
என் ஊர் தெரிந்த ஒரு இயந்திரம்.
‘உங்கள் பணத்திலேயே கணக்கு முடித்துவிடட்டுமா?’
சம்பந்தி வீட்டு உபசாரம்.
ரூபாயில் ஒரு தொகை, கடைசிப் பைசா வரைக்கும்.
தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல
மனசு இளகத்தான் செய்தது.
‘சரி’ பச்சையில், பெரிதாக.
‘வேண்டாம்’ மூலையில், சாம்பலில்,
பத்திரிகை வைக்காமல் வந்துவிட்டவர்போல ஒதுங்கி.
திபிலிசியில் முதல் நாள் ‘சரி’ தொட்டவள் நான்.
அன்று போனது இரண்டு வேளைச் சாப்பாடு.
வேண்டாம்.
உறுதியாகவா?
வேண்டாம்.
நூறு நூறாக மூன்று தாளை
நாக்கைத் துருத்துவதுபோல நீட்டியது.

மலைக்குப் போகிற வேனில் கார்டு செல்லாது.
ஓட்டுநர் கோச்சா என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கள்ள நோட்டு இல்லை என்று தெரிந்ததும்
இன்னும் வருத்தமானார்.
சில்லறை இல்லை. கையை விரித்தார்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
இறங்க வேண்டியதுதான் என்று பையைத் தூக்கினேன்.

அப்போது தாள் என் கையில் இல்லை.

பாலாடைக்கட்டி மூட்டையை மடியில் வைத்திருந்த பெண்ணிடம் இருந்தது.
அவள் பின்னால் நீட்டினாள்.
விடுப்பில் போகும் சிப்பாய் பையன் வாங்கினான்,
அவன் வாலிகோ என்று கூப்பிட்ட தாத்தாவுக்குக் கொடுத்தான்,
அப்புறம் ஒரு மோதிரக் கை, ஒரு மருதாணிச் சிவப்புத் தலைமுடி,
சுருட்டி வைத்த மெத்தைக்கு அந்தப் பக்கம்
தாள் மறைந்துவிட்டது.
வேன் கிளம்பிவிட்டது.

திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.
யாரும் யாரிடமும் ரசீது கேட்கவில்லை.
வழியில் ஒரு தேவாலயம்.
எல்லோரும் மும்முறை சிலுவையிட்டார்கள்,
ஐம்பதைப் பிடித்திருந்த கையும்.

பணம் தவணை தவணையாக வந்தது.
ஒரு ஐம்பது. ஒரு இருபது.
பாலாடை வாசத்தோடு இரண்டு பத்து.
ஒரு ஐந்து, ஈரமாக.
ஒரு இரண்டு லாரி நாணயம்,
இரண்டு ஒற்றை லாரி.

எண்ணினேன்.
தொண்ணூற்றொன்பது.

மறுபடி எண்ணினேன்.
நாற்பதை எடுத்து முன்னால் கொடுத்துவிட்டு
மிச்சத்தை வைத்து எண்ணினேன். ஐம்பத்தொன்பதுதான்.
பதினோரு முகங்கள்.
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்,
கண்டக்டர் வித்தவுட் ஆளைத் தேடுவதுபோல.
இயந்திரத்தின் முகத்தை ஒருநாளும்
இப்படிப் பார்த்ததில்லை நான்.

மெத்தைக்குப் பின்னாலிருந்து ஏதோ கிளம்பியது.
அதே கைகள், அதே வழி:
மோதிரம், வாலிகோ, சிப்பாய், பாலாடைக்கட்டி.
செய்தித்தாள் பொட்டலம்.
வறுத்த சூரியகாந்தி விதை, இன்னும் சூடாக.
வேனே கொறித்துக்கொண்டிருந்தது.
எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.
ஒரு லாரிக்கு நிறையத்தான் தந்திருந்தாள்,
யாரோ அவள்.

அணையைத் தாண்டியதும் சிக்னல் வந்தது.
சிக்னலோடு வங்கி வந்தது.
முந்நூறு எடுத்ததற்கு இயந்திரக் கட்டணம்,
எல்லை கடந்ததற்கு மாற்றுக் கட்டணம்,
கட்டணத்தின் மேல் வரி.
‘எங்களோடு பயணித்ததற்கு நன்றி.’

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து
தோலைத் துப்பினேன்.
சிப்பாய் பையன் கையை நீட்டினான்.
பொட்டலத்தில் பாதியை அவன் உள்ளங்கையில் கொட்டினேன்,
எண்ணாமல்.
காலுறையில் டாலர் உறுத்திக்கொண்டிருந்தது.