காணும்

இந்த ஊரின் பெயரைச் சொன்னால்
தமிழில் கத்திமுனை நினைவு வரும்: கூர்.
ஜன்னலின் பாதியைக் கலண்டா மலை அடைத்துக்கொள்ள
மீதிப் பாதியில் அரோசாவுக்குப் போகும் சிவப்பு ரயில்
தெருவிலேயே, கார்களுக்கு நடுவே வரும்.
அப்போது மட்டும் எங்கள் மேசை வேலை நிற்கும்.
நிதுர்ஷனுக்கு ஆறு வயது.
ரயிலுக்குக் கையசைக்க மாட்டான்.
கண்ணாடியில் நெற்றியை வைத்து
அதிர்வை வாங்கிக்கொள்வான்.

போன கோடைவரை நான்தான் எண்ணினேன்:
எத்தனை முறை எழுந்தான்,
எத்தனை முறை காதைப் பொத்தினான்.
பென்சிலால், கோடு கோடாக.
கோடு போடக் குனிந்த நேரத்தில்
அவன் முகத்தைத் தவறவிட்டதும் உண்டு.
ஆகவே டேப்லெட் வந்தபோது மகிழ்ந்தேன்.
அது கேட்கும், பார்க்கும், எண்ணும்,
மாலைக்குள் அறிக்கை எழுதித் தரும்,
என் ஜெர்மனைவிட நல்ல ஜெர்மனில்.
நான் வாசித்துக் கையொப்பமிட வேண்டும்.
வாசித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் அறிக்கை:
படங்காட்டும் பயிற்சியில் சிறுவன்
'பார்ப்பேன்' எனப் பொருள்படும் தமிழ்ச்சொல்லை
இருபத்து மூன்று முறை தானாகச் சொன்னான்.
ஆர்வம் உயர்கிறது. அட்டைகளைக் கூட்டலாம்.

கூட்டினேன்.
பத்து பதினைந்தானது, பதினைந்து இருபதானது.
குடை, வாளி, ஆந்தை.
காணும், என்றான்.
ஆந்தையை இன்னும் அருகில் பிடித்தேன்.
காணும், காணும்.
மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கியதைக்
கருவி வேறொரு கட்டத்தில் எண்ணிவைத்தது,
தனி நிறத்தில், தனி வரைபடமாக.
இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறின.
இரண்டுக்கும் கீழே என் கையொப்பம்.

டிசம்பரில் ஒருநாள், காத்திருப்பு அறையில்
அவன் அம்மா தர்மினி
ஃபிளாஸ்கிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.
காணுமோ அப்பன்?
காணும்.
ஊற்றுவதை நிறுத்தினார்.

அவ்வளவுதான் நடந்தது.
பிறகு மூடியைத் திருகும் சத்தம்.

நான் திண்டுக்கல்காரி.
எங்கள் பக்கம் அதற்குப் 'போதும்' என்போம்.
கருவிக்கு யாழ்ப்பாணம் தெரியாது, சரி.
எனக்கும் தெரியாது என்பது
எனக்குத் தெரியாமல் இருந்ததை என்ன செய்ய?
கேட்டிருக்கலாம்.
ஒரே சுவருக்கு அப்பால்
வாரம் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்,
மடியில் ஃபிளாஸ்க்கோடு.

சொன்னேன். முழுவதும் சொன்னேன்.
அவர் அழுவார் என்று திசுத்தாள் எடுத்துவைத்திருந்தேன்.
அழவில்லை.
அவன்ர குரல் இப்ப எங்க கிடக்கு? என்று கேட்டார்.
ஏழு பக்க ஒப்புதல் படிவம்.
ஒட்டுத்தாள் ஒட்டிய இடங்களில்
கையெழுத்து வாங்கியவள் நான்.
நீங்கள்தானே வைக்கச் சொன்னனீங்கள்.
எங்கே கிடக்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மேலாளர் கடோனாவ் நல்ல மனுஷி.
அந்தச் சொல்லை அனுப்பிவை, கருவி கற்றுக்கொள்ளும் என்றார்.
யாருடைய மணிக்கட்டில் என்று நான் கேட்டது
கொஞ்சம் அதிகம்தான். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.
கேள்வியை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

திருத்தப் படிவத்தில்
'காரணம்' என்ற கட்டத்தை அதுவே நிரப்பியிருந்தது:
மொழிபெயர்ப்புப் பிழை.
அழித்துவிட்டு எழுதினேன்:
சிறுவன் நிறுத்தச் சொன்னான்.
இருபத்து மூன்று முறை.
நான் நிறுத்தவில்லை.
என் ஜெர்மனில், இலக்கணப் பிழையோடு.

டேப்லெட்டை யாரும் தூக்கி எறியவில்லை.
இன்றும் எண்ணுகிறது, என் பென்சிலைவிடச் சரியாக.
குரல் பதிவை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறோம்,
பதில் கடிதம் வரும்வரை.
வெள்ளிக்கிழமைகளில் அறிக்கையைத்
தர்மினிக்குத் தமிழில் வாசிக்கிறேன்.
சில வரிகளில் கை உயர்த்துவார்.
அந்த வரிகள் அப்படியே நிற்கும், கையொப்பம் இல்லாமல்.

நேற்று மூன்றாவது அட்டையிலேயே
காணும், என்றான்.
கீழே வைத்தேன்.
நம்பாமல்
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்,
மேசையில் ஒன்றுமே இல்லாதபோது.