முப்பத்தொன்றாம் குறிப்பு

எங்கள் நூற்பாலைக்குக் கங்கைகொண்டானில் பன்னிரண்டு ஏக்கர்,
பங்குச்சந்தையில் ஒரு சுருக்கப் பெயர்,
சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்த் தொட்டி.
தொட்டியின் கிழக்குச் சுவரில்
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை,
ஓடைக்கு அந்தப் பக்கம் சிற்றாறு.
அதற்கும் அந்தப் பக்கம் எழுத எனக்கு அதிகாரமில்லை.

நான் கம்பெனிச் செயலாளர்.
ஆண்டறிக்கையில் 'இடர்கள்' என்ற பகுதி என் பொறுப்பு.
முதல் வருடம் எழுதினேன்:
கிழக்குச் சுவர் கசிகிறது. மழைக்காலத்தில் உடையலாம்.
ஐந்தே சொற்கள்.
சேர்மன் தளவாய்நாதன் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.
"நம்ம வேட்டியில கிழிசல்னா
நாமளே தூக்கிக் காட்டுவமாவே?"
எல்லோரும் சிரித்தார்கள்.
எல்லோரும் என்றால்
இரண்டு மகன்கள், ஒரு மச்சினன்,
மூன்று சுயேச்சை இயக்குநர்கள்.

சுயேச்சை.
தேர்தலில் நின்றால் ஒரு சின்னமாவது கிடைக்கும்,
பூட்டோ பானையோ.
எங்கள் போர்டில் கிடைப்பது
நாற்காலி, வறுத்த முந்திரி, ஒட்டிய உறை.
ஒருவர் சேர்மனின் பல் வைத்தியர்.
ஒருவர் அவரோடு இறகுப்பந்து ஆடி
வாரந்தோறும் தோற்பவர்.
மூன்றாமவர் தூங்குவார்.
அவர்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

அச்சில் வந்தது இது:
பருவநிலை சார்ந்த வழக்கமான இடர்கள்
தகுந்த முறையில் கவனிக்கப்பட்டு வருகின்றன.
அடுத்த வருடமும் இதுவே.
அதற்கடுத்த வருடம் ஒரு காற்புள்ளி கூடியது.
ஈரம் ஆளுயரம் ஆகியிருந்தது.

பல் வைத்தியர் மகளோடு கனடா போனார்.
போர்டில் ஒரு பெண் வேண்டும் என்றது சட்டம்.
மேலப்பாளையத்து ஆடிட்டர்
செய்யதலி பாத்திமாவைப் பிடித்தார்கள்.
கையெழுத்துக்கு ஆள் ஆயிற்று என்று நினைத்தார்கள்.
நானும்தான்.

அவர் முந்திரியைத் தள்ளி வைத்தார்.
"வழக்கமானன்னா எது வழக்கம்?"
ஏசி ஓடும் சத்தம் கேட்டது.
தூங்குகிறவர் விழித்து, சூழ்நிலை சரியில்லை என்று
மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் வந்தார்.
காவலாளி போன் போட்டுக் கேட்பதற்குள்
சுவரைத் தொட்டுவிட்டார்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில்
அவர் நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.

வாக்கெடுப்பு: ஆறுக்கு ஒன்று.
"தோக்கதுல வருத்தமில்ல.
நான் வேண்டாம்னதையும் ஏன்னதையும்
எம்பேர் போட்டு மினிட்ஸ்ல ஏத்துங்க."

பக்க எண் போட்டுத் தைத்த புத்தகம் அது.
ஒரு தாள் கிழித்தால் இன்னொன்று தானே கழன்று காட்டிக்கொடுக்கும்.
ஏழு வருடத்தில் முதல் தடவையாக
எதிர்ப்பு என்று அதில் எழுதினேன்.
கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான்.
நடுங்கவில்லை.
எழுத்து குண்டு குண்டாக, அழகாகவே வந்தது.

தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி அதே பக்கத்தில் நின்றார்.
"இதப் படிச்சப்புறம்
படிக்கலன்னு எப்படிக் கையெழுத்துப் போட?"

அப்படித்தான் திரும்பி வந்தது என் வாக்கியம்.
எண்பத்தேழாம் பக்கம், முப்பத்தொன்றாம் குறிப்பு,
எறும்பு அளவு எழுத்து.
ஐந்து சொல் இருபத்து மூன்றாகியிருந்தது,
'கூடும்' இரண்டு இடத்தில்.
ஆனால் கிழக்கு என்று இருந்தது.
சுவர் என்று இருந்தது.

யார் படிப்பார் என்றார் மச்சினன்.
வண்ணார்பேட்டை வங்கிக் கிளையில்
யாரோ படித்திருக்கிறார்கள்.
வட்டி கால் சதவீதம் ஏறியது.
பங்கு நாலு ரூபாய் இறங்கியது.
பதினாறு நாள் சேர்மன் என்னைக் கடந்து போனார்,
தூணைக் கடப்பதுபோல.
பதினேழாம் நாள்
முன்னீர்பள்ளத்திலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள்.

இடறிய பிறகு சொன்னால் அது செய்தி,
ரெண்டாம் பக்கத்தில் போட்டோவோடு வரும்.

இன்று ஐப்பசி மூன்று.
சுவர் இடுப்பளவு எழும்பியிருக்கிறது.
கொத்தனார் வரவில்லை, மழை வந்திருக்கிறது.
தொட்டி மட்டத்தைச் செங்கல் வரிசையில் எண்ணிவிட்டு
சட்டை சொட்டச் சொட்ட மேஜைக்கு வந்து
அடுத்த வருடத்துக் குறிப்பைத் தொடங்குகிறேன்:
பாதி கட்டிய சுவர்